கெட்டிலின் அடியில் ஒரு வெள்ளைப் படலம்

வாசகியின் கடிதம் (சுருக்கமாக):

"கணவரின் வேலைக்காக வெளிநாடு வந்து 8 மாதம் ஆகிறது. முன்பு 20 பேருக்குத் தனி ஆளாகச் சமைத்தவள் நான். இங்கே 2 பேருக்குச் சமைக்கத் தடுமாறுகிறேன். கொண்டைக்கடலை இரவெல்லாம் ஊறியும் கல்லாகவே இருக்கிறது. வெங்காயம் வதங்குவதற்குள் கருகுகிறது, சூட்டைக் குறைத்தாலும் கருகுகிறது. உப்பு ஒரு நாள் கரிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது. புகை அலாரம் இரண்டு முறை அலறி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். கொண்டுவந்த மிக்ஸி முனகி முனகிப் புகைந்துபோனது. புதுக் கெட்டிலில்கூட வெள்ளையாக ஏதோ படிகிறது, இங்கே சாமான்களே தரமில்லை போலிருக்கிறது. 'நீ முன்ன மாதிரி சமைக்கிறதில்ல' என்கிறார் கணவர். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா? பகலில் தனியாக இருக்கும்போது நின்றபடியே ரொட்டியை மென்றுவிட்டு விட்டுவிடுகிறேன். 62 கிலோ இருந்தவள் 58 ஆகிவிட்டேன், அது ஒன்றுதான் நல்லது. என் கைமணம் எங்கே போயிற்று?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு இடங்களில் கோடு போட்டேன். இரண்டுமே நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனவை. ஒன்று, கெட்டிலில் படியும் வெள்ளை. இன்னொன்று, குறைந்துபோன 4 கிலோ. முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாவதற்குக் கடைசியில் வருவேன். அதுவரை பொறுமையாகப் படியுங்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள்.

கெட்டில் தரமில்லாதது இல்லை. உங்கள் குழாயில் வருவது கடினத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறைகளின் வழியே ஊறி வரும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறையக் கரைந்திருக்கும். கொதிக்க வைத்தால் அதில் ஒரு பகுதி கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் கொண்டைக்கடலையைக் கல்லாக்குவது அநேகமாக அதுவே.

பயறு எப்படி வேகிறது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். பயற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. சூட்டில் அந்தப் பசை கரைந்தால்தான் பயறு விரலில் நசுங்கும். தண்ணீரில் கால்சியம் மிகுந்திருந்தால் அது பெக்டினோடு சேர்ந்து பசையை இன்னும் இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் தோல் விறைப்பாகத்தான் நிற்கும். லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கார்பனேட் அளவு இருந்தால் அதைக் கடினத் தண்ணீர் என்பார்கள், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். பல நாடுகளில் குடிநீர் வழங்குவோர் பகுதி வாரியாக இந்த எண்ணை வெளியிடுகிறார்கள். உங்கள் முகவரிக்கு என்ன எண் என்று தேடிப் பாருங்கள்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இப்படி ஒரு ஊரில் 3 வருடம் குப்பை கொட்டியவள் நான். ஊட்டச்சத்துப் படிப்பு முடித்த திமிரில், வேகாத பயற்றுக்கு முதலில் கடைக்காரரைத் திட்டினேன். பிறகு குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்றினேன். அப்புறம் குக்கரையே மாற்றினேன். தண்ணீரைச் சந்தேகப்பட எனக்கு 5 மாதம் ஆயிற்று. அதனால் உங்கள் 8 மாதத்தைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கில்லை.

என்ன செய்யலாம்? ஊறவைக்கவும் வேகவைக்கவும் வேண்டிய தண்ணீரை முதல் நாளே சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் வடித்து எடுங்கள். கடினத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். வடிகட்டும் ஜக் இருந்தால் அதுவும் உதவும். அடுத்து, ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு கரையுங்கள். "முதலிலேயே உப்புப் போட்டால் வேகாது" என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார், என் அம்மாவும் சொன்னார். ஊறும்போது போடும் உப்பு நேர்மாறாக வேலை செய்கிறது. உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தை வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, தோல் மென்மையாகிறது. ஊறிய பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் ஒரே ஒரு சிட்டிகை சமையல் சோடா. சிட்டிகைக்கு மேல் போனால் சவர்க்காரச் சுவை வரும், பி1 வைட்டமினும் அழியும்.

அம்மா சொன்ன இன்னொன்று நூற்றுக்கு நூறு சரி: தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பெல்லாம் பயறு வெந்த பிறகுதான். புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. இவ்வளவு செய்தும் வேகவில்லை என்றால் பயறே கிழடு. வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கில் ஒரு வருடம் கிடந்த பயறு எந்தத் தண்ணீருக்கும் மசியாது. சரக்கு அடிக்கடி விற்றுத் தீரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். (உங்கள் ஊர் மலைமேல் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு 1 டிகிரி குறையும். மூடிய குக்கரில் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.)

அடுத்து வெங்காயம். "சூட்டைக் குறைத்தாலும் கருகுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே உங்கள் அடுப்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது: மேலே கறுப்புக் கண்ணாடி, கீழே சிவக்கும் கம்பிச் சுருள். சரிதானே? கேஸ் அடுப்பில் நீங்கள் சமைத்தது கண்ணால். சுடர் நீலமாக எழும், திருகினால் அடங்கும், அந்த நொடியே பாத்திரமும் அடங்கும். கண்ணாடி அடுப்பில் திருகியைக் குறைத்தாலும் கண்ணாடியும் சுருளும் பல நிமிடம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். திருகி குறைந்தது, அடுப்பு குறையவில்லை. எனவே சூட்டைக் குறைக்க ஒரே வழி பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைப்பதுதான். பக்கத்து அடுப்பு எப்போதும் காலியாக இருக்கட்டும். 9 வரை எண் இருந்தால் வதக்கலை 5-லேயே தொடங்குங்கள். முதல் 4 நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அப்போது பொறுமை இழந்து 9-க்குத் திருப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சூடு பின்னாலேயே வந்து சேர்ந்து வெங்காயத்தைக் கருக்கிவிடும்.

வாணலியின் அடியையும் பாருங்கள். குழிவான வாணலி கண்ணாடியைத் தொடுவது ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில்தான். நடுவே கருகும், ஓரம் பச்சையாக நிற்கும். தட்டையான, கனமான அடி வேண்டும். வீடு மாறி இண்டக்‌ஷன் அடுப்புக்குப் போக நேர்ந்தால் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போங்கள். அடியில் காந்தம் பலமாக ஒட்டினால் வாங்கலாம். வெறும் அலுமினியமும் செம்பும் அதில் சூடேறாது.

உப்புக்கு வருகிறேன். கைமணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கையளவு. உங்கள் விரல்களுக்கு ஒரு குறிப்பிட்ட உப்பின் ஒரு சிட்டிகை எவ்வளவு என்று பல வருடப் பழக்கத்தில் தெரியும். உப்பை மாற்றினால் அந்தக் கணக்கு போயிற்று. நைசான பொடி உப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். செதில் செதிலாக விற்கும் சில சமையல் உப்புகள் அதே கரண்டியில் 3 கிராம்தான் இருக்கும். ஒரு பாக்கெட் தீர்ந்து வேறு வகை வாங்கினால் அடுத்த வாரம் முழுக்கக் கரிக்கும். ஒரே வகையில் நில்லுங்கள், மூன்று வாரத்தில் கை பழகிவிடும். கோப்பை, கரண்டி அளவுகளும் இப்படித்தான். ஜப்பானில் ஒரு கோப்பை 200 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற பெரும்பாலான இடங்களில் 15. யாரோ எழுதிய குறிப்பைப் பார்த்து அந்த ஊர்க் கரண்டி தெரியாமல் இந்த ஊர்க் கரண்டியால் அளந்தால் பண்டம் எப்படிச் சரியாக வரும்? சமையலறைக்கு ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் நான் சொல்வது கிராம் காட்டும் சிறிய தராசு.

மிக்ஸிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, உங்கள் மிக்ஸி ஓரளவு சொல்லிவிட்டது. நம் ஊர் 230 வோல்ட்டுக்குச் செய்த கருவி, 120 வோல்ட் மின்சாரம் வரும் நாட்டில் ஓடினால் கிடைக்கும் சக்தி பாதிகூட இல்லை, ஏறக்குறைய கால் பங்கு. சுமையை இழுக்க முடியாமல் முனகும், சூடேறும், புகையும். மின்மாற்றி வாங்கி உயிர்கொடுக்கப் பார்க்காதீர்கள். மிக்ஸியின் வாட்டைத் தாங்கும் மின்மாற்றி செங்கல் கனத்தில் இருக்கும், விலையும் இருக்கும். உள்ளூரிலேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

புகை அலாரம். முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த யோசனையை யாராவது உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள்: பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது, பேட்டரியைக் கழற்றுவது. வேண்டாம். வாடகை ஒப்பந்தத்துக்கும் பல இடங்களில் சட்டத்துக்கும் அது எதிரானது. அதைவிட முக்கியம், நீங்கள் தூங்கும்போது விழித்திருப்பது அது ஒன்றுதான். எண்ணெய் புகையத் தொடங்குவதற்கு முன்பே பொருளைப் போட்டுவிடுங்கள், மின் அடுப்பில் அந்த எல்லை சட்டென்று வந்துவிடும். சிம்னி மின்விசிறியை வாணலி வைக்கும் முன்பே ஓடவிடுங்கள், புகை வந்த பிறகு போட்டால் பாதிப் பயன்தான். சில வீடுகளில் சிம்னி புகையை வெளியே தள்ளாது, கரி வடிகட்டி வழியாக உள்ளேயே திருப்பி விடும். அப்படியானால் சன்னலை ஒரு கை அகலம் திறந்துவைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். குளிர்ச் சட்டைகள் சமையலறைப் பக்கம் தொங்க வேண்டாம், கம்பளித் துணி வாசனையை லேசில் விடாது. வீட்டு உரிமையாளரிடம் அலாரம் எந்த வகை என்றும் கேளுங்கள். அயனி வகை வதக்கல் புகைக்கே அலறும், ஒளியுணர் வகை அவ்வளவு பதறாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியதற்கு ஏன் இவ்வளவு கூசுகிறீர்கள்? அலாரம் அடித்தால் தட்டத்தான் வேண்டும். நல்ல மனிதர் என்று நினைக்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைச் சமையல். செய்யலாம், ஆனால் வாரம் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிட முடியாது. குளிர்நாட்டுக்குப் புதிதாகப் போனவர்கள் பலர் ஒரு பொறியில் விழுகிறார்கள். வெளியே பனி கொட்டுகிறது, அதனால் சாப்பாடு கெடாது என்று நினைத்து இரவு முழுக்கப் பாத்திரத்தை அடுப்பின் மேலேயே விட்டுவிடுகிறார்கள். பனி சன்னலுக்கு வெளியே. உள்ளே ஹீட்டர் புண்ணியத்தில் இரவு முழுக்க 20, 21 டிகிரி. கிருமி வளர வசதியான சூடு 5 முதல் 60 டிகிரி வரை. உங்கள் சமையலறை அந்த வட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. சமைத்தது 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போயாக வேண்டும். சூடாக உள்ளே வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுவிடும் என்று ஆறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்கள், ஆவி அடங்கியதும் வைத்துவிடுங்கள். குண்டானோடு வைத்தால்தான் வம்பு, நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

சோற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். வேகும்போது அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் கிடந்தால் முளைத்து, வாந்தி எடுக்கவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நன்றாகச் சூடு பண்ணிவிட்டேனே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிரிட்டனின் உணவுத் தர முகமை சோற்றை விரைவாக ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது. மற்ற சமைத்த பண்டங்களுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வது 3 முதல் 4 நாள். ஆகவே ஞாயிறு சமைத்ததில், சோறு நீங்கலாக, புதன் வரை தேவையானது ஃப்ரிட்ஜில், மீதி அன்றே ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில். பையில் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் புத்தகம் போல அடுக்கலாம், சீக்கிரம் உருகும். மேலே தேதி எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டு வாரம் கழித்து எது என்ன என்று உங்களுக்கே தெரியாது. உருளைக்கிழங்கு போட்டதை உறையவைக்காதீர்கள், நொறநொறவென்று ஆகிவிடும்.

மொத்தச் சமையலுக்காக மெதுவாகச் சமைக்கும் மின்பானை வாங்க நினைத்தால் ராஜ்மாவைப் பச்சையாக அதில் போட்டுவிடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது போகும். மின்பானையின் மிதமான சூடு அதற்குப் போதாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

இப்போது அந்த 4 கிலோ.

62-லிருந்து 58 என்றால் உங்கள் எடையில் 6 சதவீதத்துக்கும் மேல். முயற்சி எதுவும் செய்யாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் காரணம் தேடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொது வழக்கம். நீங்கள் மகிழ்ச்சியாகச் சொன்ன அந்த வரியை நான் மகிழ்ச்சியாகப் படிக்கவில்லை. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை ஆகியவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெயில் குறைந்த ஊர் என்றால் வைட்டமின் டி-யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக எல்லாம் சரியாக இருக்கும், காரணம் அந்த நின்றபடி மெல்லும் ரொட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முடிவை நானோ நீங்களோ ஊகத்தில் எடுக்கக் கூடாது, பரிசோதனை சொல்லட்டும்.

ரொட்டியைப் பற்றி ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பசிக்கவில்லையா, அல்லது உங்களுக்காக மட்டும் அடுப்பு மூட்ட மனம் வரவில்லையா? இரண்டும் ஒன்றில்லை. பசியே இல்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமில்லை, இப்படி 2 வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி கழிகிறது என்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். ரத்தத்தோடு மனதையும் பார்க்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடம் பெயர்ந்த முதல் வருடத்தில் இது பலருக்கும் வருவதுதான். பசி இருந்தும் மனம் வரவில்லை என்றால் வேலை எளிது. பகலுக்குச் சமைக்காதீர்கள். முதல் நாள் இரவு சமைத்ததில் உங்கள் பங்கை, பரிமாறும் முன்பே, ஒரு டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிஞ்சினால் எடுக்கலாம் என்று விடாதீர்கள், நம் வீடுகளில் பெண்களுக்கு மிஞ்சுவதில்லை. ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டில் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, 15 நிமிடம் சாப்பிடுங்கள்.

கணவர் சொன்னதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, கேட்காமலே சொல்கிறேன். அவர் குறை சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்கும் பழைய ருசி இல்லாமல் ஏக்கம், அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த ஏக்கத்தைத் தீர்ப்பது உங்கள் ஒருவர் பொறுப்பு இல்லை. வாரத்தில் 2 இரவு அவர் சமைக்கட்டும். அந்தக் கண்ணாடி அடுப்பில் அவரும் நாலு வெங்காயத்தைக் கருக்கட்டும், அப்புறம் பேச்சு தானாக மாறும். மற்ற 5 இரவிலும் புதுப்புதுப் பண்டம் வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் 3 பண்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த அடுப்பிலும் இந்தத் தண்ணீரிலும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எந்த எண்ணில் வைத்தேன், எத்தனை நிமிடம், எத்தனை கிராம் உப்பு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். 20 பேருக்குச் சமைத்தவள் நோட்டு எழுதுவதா என்று தோன்றும். எழுதுங்கள்.

கெட்டிலில் பாதி தண்ணீர், பாதி வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கொட்டினால் வெள்ளை போய்விடும். நன்றாக இரண்டு முறை அலசுங்கள். இந்த வாரம் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். சனிக்கிழமை இரவு, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பு கரைத்துக் கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். வெந்ததா, பரிசோதனையில் என்ன வந்தது என்று இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.